வலப்பக்கம் பாய்ந்த கோடு

குஞ்சிதபாதம் பௌதிகம் படிக்கப் போய், இரண்டாம் வருஷத்தில் மூன்று தாளில் தவறி, தவறியதைத் திருப்பி எழுதாமலே கல்லூரியை விட்டவன். அதற்கப்புறம் தலத்தெரு ஐஸ் கம்பெனியில் ராத்திரி வேலை. விடிய விடிய ஐஸ் பாளங்களை இழுத்துப் போட்டு, மீனவர் ஊரான காரைக்கால்மேட்டுக்குப் போகிற வண்டிகளில் ஏற்றி அனுப்பிவிட்டு, ஊர் எழுந்து பல் விளக்குகிற நேரத்தில் சைக்கிளில் வீடு திரும்புவான். பகலெல்லாம் தூங்குகிற ஆண்பிள்ளையை ஊர் என்ன சொல்லுமோ அதைத்தான் சொன்னது. வீட்டிலும் யாரும் அவனிடம் எதையும் கேட்பதில்லை. மாடு வாங்குவதானாலும் சரி, கல்யாணத்துக்கு மொய் எழுதுவதானாலும் சரி, அவன் தூங்கி எழுந்திருக்கும்போது எல்லாம் பேசி முடிந்திருக்கும்.

எண்பத்தைந்தாம் வருஷம் சித்திரையில் எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். திருநள்ளாற்றுக்கு மேற்கே, அவன் அப்பா நடராசனுக்கு இருந்த நிலத்தில் பாதியைத் தற்காலிகக் குத்தகைக்கு எடுத்து, மண்ணைக் கொட்டி மேடாக்கி, துளை போடுகிற ரிக்கை நிறுத்தினார்கள். நிலம் கொடுத்த வீட்டில் ஒருவனுக்குக் கூலி வேலை உண்டு என்றார்கள். நடராசனுக்கு இருந்தது ஒரே பையன். அப்படித்தான் குஞ்சிதபாதம் லாகிங் வண்டிக்கு ஆளானான்.

ரிக்கில் வேலை செய்கிறவர்கள் துளை போடுகிறவர்கள். துளைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது லாகிங் வண்டி. துளை ஒரு ஆழத்துக்குப் போனதும் குழாய்களையெல்லாம் வெளியே உருவிவிட்டு, நீளமான இரும்புக் கருவி ஒன்றைக் கேபிளில் கட்டி அடிவரைக்கும் இறக்குவார்கள். பிறகு மெள்ள மேலே இழுப்பார்கள். இழுக்க இழுக்க, பக்கத்துப் பாறையில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது, பாறை எவ்வளவு கதிர்வீசுகிறது என்பதெல்லாம் வண்டிக்குள் பிலிமில் கோடுகளாக விழும். அந்தப் பிலிமைக் கழுவி, அம்மோனியா மெஷினில் நீளநீளமாகப் பிரிண்ட் போடுவது குஞ்சிதபாதத்தின் வேலை. கருவியைக் கழுவுவது, கேபிளுக்குக் கிரீஸ் போடுவது, டீ வாங்குவது, இதெல்லாமும் அவன் வேலைதான். ஆனால் கேட்கிறவர்களிடம் பிரிண்ட் போடுகிற வேலை என்று மட்டும் சொல்லுவான்.

வண்டி ஒரே எண்ணெய்க் கிணற்றில் நிற்பதில்லை. நன்னிலம், திருவாரூர்ப் பக்கமெல்லாம் போய்வந்தது. போன இடத்திலெல்லாம் அவன் பிரிண்டுகளைப் பார்த்தான். அம்மோனியா நெடியில் கண் எரிய, ஈரக் காகிதத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு பார்த்தான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பேசிக்கொள்வதைக் காதில் வாங்கினான். இடதுபக்கக் கோடு பாறையின் கதிர்வீச்சைக் காட்டுகிற காமா. அது வலப்பக்கம் சாய்ந்தால் களிமண், இடப்பக்கம் ஒதுங்கினால் மணற்கல். வலப்பக்கத்துக் கோடு ரெசிஸ்டிவிட்டி. மணற்கல்லுக்குள் உப்புத்தண்ணீர் இருந்தால் மின்சாரம் சுலபமாக ஓடும், கோடு இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு கிடக்கும். எண்ணெய் இருந்தால் மின்சாரம் ஓடாது, கோடு வலப்பக்கம் பாயும். இவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். கல்லூரியில் இரண்டு வருஷத்தில் பிடிபடாத மின்தடை இங்கே ஒரு மாதத்தில் பிடிபட்டதில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

ஆவணி கடைசியில் அவன் வயலில் தோண்டிய எண்ணெய்க் கிணறு முழு ஆழத்துக்கும் போய்விட்டது. லாகிங் வண்டி மறுபடி அவன் அப்பாவின் நிலத்துக்கே வந்து நின்றது.

முதல் ரன், அதாவது கருவியை ஒரு தடவை இறக்கி இழுப்பது, மத்தியானம் முடிந்தது. குஞ்சிதபாதம் பிலிமைக் கழுவிப் பிரிண்ட் எடுத்தான். கீழிருந்து பார்த்துக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நின்றுவிட்டான். காமா நன்றாக இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது. அதே ஆழத்தில் வலப்பக்கத்துக் கோடு வெடுக்கென்று பாய்ந்து, காகிதத்தின் ஓரத்தை முட்டி, இடமில்லாமல் மடங்கி மறுபடி இந்தப் பக்கத்திலிருந்து கிளம்பியிருந்தது. பூமிக்கடியில் ஒரு தென்னைமர உயரம் இருக்கும், அவ்வளவு தூரத்துக்கும் கோடு அப்படியே நின்றது. அவன் பார்த்த எந்தக் கிணற்றிலும் கோடு இந்தப் பாய்ச்சல் பாய்ந்ததில்லை.

வண்டியின் பொறுப்பில் இருந்தவர் சுவாமிநாதன் என்கிற ஜியாலஜிஸ்ட். திருச்சிக்காரர். வயிற்றுப்புண் உள்ளவர், மோரும் பொட்டுக்கடலையுமாகவே காலம் தள்ளுகிறவர். பிரிண்டை மேசையில் விரித்து, ஸ்கேலை வைத்து, பென்சிலால் அந்த இடத்தில் ஒரு சின்னக் கோடு கிழித்தார்.

"சார், இந்த எடம் நல்லா இருக்குல்ல சார்?"

"எந்த எடம்?"

"இதோ, பாஞ்சிருக்கே."

"அடுத்த ரன் வராம நான் எங்கப்பாகிட்டகூட ஒண்ணும் சொல்லமாட்டேன். இன்னும் ரெண்டு பிரிண்ட் போடு. போன தடவை மாதிரி கறுக்க விட்றாதே."

வெளியே வின்ச்சுக்குப் பக்கத்தில் கபீர் உட்கார்ந்திருந்தார். கேபிளை ஏற்றி இறக்குகிறவர் அவர்தான். காரைக்கால் டவுன்காரர், வண்டியிலேயே மூத்தவர், வாயைத் திறந்தால் கிண்டல்.

"என்னடா குஞ்சு, மூஞ்சி இப்புடி மின்னுது? உங்க பாட்டன் கீழ செக்கு ஆட்டி வச்சிட்டுப் போனானா?"

"ஓரத்தை முட்டுது பாய் கோடு. மடங்கி வந்திருக்கு."

"முட்டட்டும். ரெண்டாவது ரன் போவட்டும். அதுவரைக்கும் வாயில தண்ணிய ஊத்திக்கிட்டு இரு. முழுங்கவும் கூடாது, துப்பவும் கூடாது. வெளங்குதா?"

இரண்டாவது ரன் வேறு கருவி. பாறை எவ்வளவு கனம், அதற்குள் எவ்வளவு துவாரம் என்று அளக்கிற கருவி. அதை அன்றைக்குச் சாயங்காலமே இறக்கினார்கள். பாதிக் கிணறுகூடப் போகவில்லை, உள்ளே இருந்த சூட்டில் செத்துப்போனது. வெளியே எடுத்துப் பிரித்துப் பார்த்துவிட்டு சுவாமிநாதன் கெட்ட வார்த்தை ஒன்றை இங்கிலீஷில் சொன்னார். மாற்றுக் கருவி ராஜமுந்திரியிலிருந்து லாரியில் வந்தாக வேண்டும். ரிக்கில் இருந்த வடக்கத்தி ஆட்கள் மறுநாள் சனிக்கிழமை திருநள்ளாற்றுக் கோயிலுக்குப் போய் எள் விளக்கு ஏற்றிவிட்டு வந்தார்கள். லாரி அதற்காகச் சீக்கிரம் வந்துவிடவில்லை.

இங்கே நடராசனின் சங்கடத்தைச் சொல்ல வேண்டும்.

குத்தகைக்குப் போனது போக மிச்ச நிலத்துக்கு அவர் சம்பா நாற்று விட்டிருந்தார். நாற்று நன்றாக வந்திருந்தது. வாய்க்காலில் தண்ணீர் முறை அந்த வாரம் அவர் பக்கத்துக்கு. சேறடித்து நட வேண்டியதுதான் பாக்கி. தள்ளிப்போட்டால் நாற்று முற்றிவிடும். முற்றிய நாற்றை நட்டால் தூர் கட்டாது, விளைச்சல் இருக்காது. ஆனால் கம்பெனியின் நிலப் பிரிவு ஆள் ஒருவன் டீக்கடையில் வைத்து ஒரு வார்த்தை விட்டுவிட்டுப் போயிருந்தான். கிணற்றில் எண்ணெய் வந்தால் பக்கத்து நிலத்தையும் நிரந்தரமாக எடுப்பார்களாம். நிரந்தரமாக எடுத்தால் வீட்டுக்கு ஒருவனுக்கு நிரந்தர வேலையாம். ஆனால் பயிர் நிற்கிற நிலத்தைக் கம்பெனி தொடாது. கோர்ட்டு, கேஸ் என்று இழுக்கும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தரிசாகக் கிடக்கிற மடத்து நிலத்தை எடுத்துக்கொண்டு போய்விடும்.

ஆக, எண்ணெய் உண்டு என்றால் நடக்கூடாது. இல்லை என்றால் இன்றைக்கே நட வேண்டும். உண்டா இல்லையா என்று தெரியாமல் நடராசன் தினமும் நாற்றங்கால் வரப்பில் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார்.

கருவி செத்த இரண்டாம் நாள் காலையில் தெட்சிணாமூர்த்தி அங்கே வந்தார். பக்கத்து வயல்காரர். அவருடைய நாற்றங்கால் பள்ளத்தில் இருந்தது. நின்ற மழைத் தண்ணீர் வடியாமல் நாற்று அழுகிப்போயிருந்தது. குஞ்சிதபாதம் வேலைக்குக் கிளம்பி வரப்பு வழியாக வந்தபோது இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்திருந்தார்கள்.

"நீ நடுறதா இருந்தா நடு நடராசு, நான் கேக்கல," என்றார் தெட்சிணாமூர்த்தி. "நடலேன்னா எனக்குக் குடு. முத்தவிட்டு மாட்டுக்கா அறுத்துப் போடப் போறே? நாளைக்கே நாத்துப் பறிக்க ஆளு கொண்டாறேன். ஊர்ல வேற யாருகிட்டயும் மிச்ச நாத்து கெடையாது."

நடராசன் மகனை நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டுக் கேட்டார்.

"நீதான் அந்த வண்டியில இருக்கியே. என்ன சொல்லுது? இருக்கா, இல்லியா?"

இந்த மாதிரி ஒரு கேள்வியை அவர் அவனிடம் கேட்டதே கிடையாது. அதுவும் இன்னொரு ஆண்பிள்ளையை வைத்துக்கொண்டு. தெரியலேப்பா, இன்னொரு ரன் வரட்டும் என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை. அதைச் சொல்லத் தனியாகப் படிப்பு எதுவும் வேண்டியதில்லை. அதனாலேயே அவனுக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"இருக்கு," என்றான்.

"பாத்தியா?"

"நான்தான் பிரிண்ட் போட்டேன். கோடு ஓரத்தை முட்டிட்டு மடங்கி வருது. இந்தச் சுத்துவட்டாரத்துல எந்தக் கெணத்துலயும் இப்புடிக் கெடையாது."

தெட்சிணாமூர்த்தி பல்குச்சியைத் துப்பினார். "கோடு முட்டுனா எண்ணெயா? எப்புடிறா மாப்ள?"

அவன் உட்கார்ந்து விளக்கினான். வரப்பு மண்ணில் குச்சியால் இரண்டு கோடு கிழித்துக் காட்டினான். "அடியில மணக்கல்லு இருக்கு மாமா. அதுல உப்புத்தண்ணி இருந்தா கரண்டு ஓடும். எண்ணெய் இருந்தா ஓடாது. நம்ம கெணத்துல அந்த எடத்துல சுத்தமா ஓடல."

"கரண்டு ஓடலேன்னா எண்ணெய்."

"ஆமா."

"எங்க வூட்டுல நாலு நாளா கரண்டு ஓடல. ஒரு டின்னு புடிச்சிக்கலாமா?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். குஞ்சிதபாதத்துக்குக் காது சுட்டது.

"சிரிக்காத தெட்சிணாமூர்த்தி," என்றார் நடராசன். "அவன் படிச்சவன்."

கல்லூரியை விட்டு மூன்று வருஷத்துக்கு அப்புறம் அந்த வார்த்தையை அவர் சொன்னார். குஞ்சிதபாதம் சைக்கிளை எடுத்துக்கொண்டு ரிக்குக்குப் போனான். மறுநாள் பறி ஆட்கள் இறங்கினார்கள். ஒரே நாளில் நாற்றங்கால் வெறும் சேறாகக் கிடந்தது. நாற்றுக்கு ஈடாக எதுவும் வேண்டாம், அடுத்த வருஷம் எனக்கு ஒரு தேவை என்றால் பார்த்துக்கொள் என்று நடராசன் சொல்லிவிட்டார். வேலைக்குப் போகப் போகிற பையனின் அப்பா பேசுகிற தோரணை அது.

ஊருக்குள் விஷயம் ஓடிற்று. டீக்கடையில் அவனுக்கு 'எண்ணெய் எஞ்சினியர்' என்று பெயர் வைத்தார்கள். பாதிக் கிண்டல்தான், ஆனாலும் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்கள். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில் வேலை பார்க்கிற ஒருவர்கூட, "தம்பி, எங்க நிலம் வரைக்கும் அந்த எண்ணெய் வருமா?" என்று நிறுத்திக் கேட்டார். வரும் வராது என்று சொல்லாமல், "பாறை எப்படிச் சாயுதுங்கறதைப் பொறுத்துங்க," என்றான். சுவாமிநாதன் யாரிடமோ சொன்னதை அப்படியே எடுத்துச் சொன்னான். சொல்லும்போது தன் குரலே அவனுக்குப் பிடித்திருந்தது.

கபீருக்கு மட்டும் இது காதுக்கு எட்டியதும் முகம் மாறிவிட்டது.

"நாத்தக் குடுத்துட்டீங்களா?"

"குடுத்தாச்சு பாய்."

"யாரு சொன்னா இருக்குன்னு?"

"கோடு சொல்லுது."

"கோட்டுக்கு என்னடா, அது பாட்டுக்குச் சொல்லும். சுவாமிநாதன் சார் சொன்னாரா?"

அவன் குனிந்து கேபிளுக்குக் கிரீஸ் தடவினான். அன்றைக்கு முழுக்கக் கபீர் அவனைக் கிண்டல் செய்யவில்லை.

நாற்றுப் பறித்த இரண்டாம் நாள் லாரி ஒருவழியாக வந்தது. கருவியை இறக்கியது காலையில். ஒன்பது மணி வெயிலில் கபீர் வின்ச்சை மெள்ள இழுத்தார். குஞ்சிதபாதம் வண்டிக்குள் நின்றான். அந்த ஆழம் வருகிறபோது பிலிம் ஓடுகிற சத்தத்தைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. பிலிமைக் கழுவினான். பிரிண்டை மெஷினில் கொடுத்தான். அம்மோனியா நெடியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். இந்தக் கோடுகளை அவனால் படிக்க முடியவில்லை. இரண்டு கோடும் அந்த இடத்தில் ஒழுங்காக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஒரு சுவரைப் போல நேராக நின்றன. அழகாகத்தான் இருந்தது.

சுவாமிநாதன் முதல் ரன்னையும் இரண்டாவதையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தார். பார்க்க வெகுநேரம் ஆகவில்லை.

"போச்சு," என்றார். "இறுகின கல்லு."

"சார்?"

"மணலெல்லாம் சுண்ணாம்பு புடிச்சு அம்மி மாதிரி இறுகிப்போயிருக்கு. துவாரமே இல்ல. சாம்பிளை எடுத்து ஆசிட் விட்டப்பவே பொங்குச்சு, எனக்கு அப்பவே சந்தேகம்."

"ரெசிஸ்டிவிட்டி பாஞ்சிருக்கே சார்."

"பாயாம? கரண்ட் போறதுக்குத் தண்ணி வேணும். தண்ணி நிக்கறதுக்குத் துவாரம் வேணும். இதுல தண்ணியும் இல்ல, எண்ணெயும் இல்ல. உள்ள எதுவுமே இல்லாததால பாஞ்சிருக்கு." ஒரு பொட்டுக்கடலையை வாயில் போட்டுக்கொண்டார். "இதுக்குத்தான் ரெண்டாவது ரன். முதல் கோட்டைப் பாத்துட்டு எண்ணெய்னு எழுதினா என் வேலை போயிடும்."

அவர் அதை அவனைக் குத்திச் சொல்லவில்லை. அவன் என்ன செய்துவிட்டு வந்திருக்கிறான் என்பதே அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அவருக்கு அதில் ஆக வேண்டியது ஒன்றும் இல்லை. சாயங்காலம் மெட்ராசுக்குத் தந்தி போயிற்று. இரண்டு நாளில் உத்தரவு வந்துவிடும். துளைக்குள் சிமெண்டை இறக்கி அடைத்துவிட்டு, ரிக்கைக் கழற்றிக்கொண்டு மன்னார்குடிப் பக்கம் போவார்கள்.

"ரிக்கு போனா ஒன் கூலியும் போச்சுடா," என்றார் கபீர். "நிலம் குடுத்த வூட்டுக்குத்தான் அந்த வேலை. அங்க வேற ஒருத்தன் நிலம் குடுத்திருப்பான். வூட்டுக்குப் போயி உண்மையச் சொல்லிடு. இன்னிக்கே சொல்லு. வேற எவன் வாய்லேருந்தாவது வந்தா இன்னும் கேவலம்."

குஞ்சிதபாதம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனான், ஏறவில்லை. வழியில் தெட்சிணாமூர்த்தியின் வயலில் நடவு பாதி முடிந்திருந்தது. நட்ட வயல் பச்சைக் கோடுகளாகக் கிடந்தது. பக்கத்தில் அவன் வீட்டு நிலம், தண்ணீர் முறை வந்தும் மடை திறக்காமல், காய்ந்து வெடித்து நின்றது. இனிமேல் புதிதாக நாற்று விட்டு நட முடியாது. பயிர் தலையெடுப்பதற்குள் ஐப்பசி மழை வந்து மூழ்கடித்துவிடும். வெளியில் நாற்று வாங்கலாம் என்றால் கடைசியாக மிச்சம் இருந்தது அவர்களுடையதுதான்.

நடராசன் கொல்லையில் மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். அவன் கிட்டே போய் நின்றான். நின்றவன் சொல்லிவிட்டான். சுற்றி வளைக்கவில்லை.

"இல்லியாம்ப்பா. கல்லாம்."

அவர் வைக்கோல் உதறுவதை நிறுத்தவில்லை. "ம்," என்றார்.

"கல்லு இறுகிப்போனாலும் கோடு அந்த மாதிரிதான் பாயுமாம். எனக்கு அது தெரியாது."

"ஒனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்."

குஞ்சிதபாதத்துக்கு முதலில் விளங்கவில்லை.

"ஒன்னைக் கேக்கறதுக்கு மொத நாளே ரிக்கு சூப்பர்வைசர போயிப் பாத்தேன்," என்றார் நடராசன். "இன்னும் ஒண்ணும் தெரியாதுங்க, மெசின் வரணும்ன்னான். ஒன்னைக் கேட்டப்ப நீயும் அதையே சொல்லுவேன்னு நெனச்சேன். நீ இருக்குன்னே."

"அப்பறம் ஏம்ப்பா குடுத்தீங்க?"

வைக்கோலைப் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். அடுப்படிப் பக்கம் தலையைக் காட்டினார். உள்ளே அவன் அம்மா பெரியநாயகி இருந்தாள், வெளியே வரவில்லை.

"அவதான் சொன்னா. இந்த வூட்டுல அவன் சொல்லி ஒரு காரியம் நடந்ததே கெடையாது, நாமளே அவனை மதிக்கலேன்னா ஊர்ல எவன் மதிப்பான், அவன் என்ன சொல்றானோ அப்புடியே செய்யிங்க, ஒரு தடவ கேட்டுத்தான் பாருங்கன்னா. கேட்டேன்." மாட்டின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். "வேலை கெடைக்குங்கற ஆசையும் இருந்துச்சு. இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆசை இல்லாம எவன் நாத்தத் தூக்கிக் குடுப்பான்?"

"தெரியாதுன்னு சொல்லியிருக்கணும்ப்பா."

"சொல்லியிருக்கணும்."

திட்டுவார் என்று அவன் காத்திருந்தான். நாலு அடி போட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பான். அவர் திட்டவில்லை. தொட்டியில் தண்ணீர் மொண்டு காலைக் கழுவிக்கொண்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"தெட்சிணாமூர்த்தி வயல்ல பாதி நடவு நிக்கிது. ஆளு பத்தலேன்னான். ஒங்கம்மா நாளைக்குப் போறேன்னு சொல்லிட்டா. நாத்து முடி தூக்க ஆம்பள ஆளும் வேணுமாம். போ."

போகிறாயா என்று கேட்கவில்லை. போ என்றுதான் சொன்னார்.

பெரியநாயகி தன் வயலுக்கு ஆள் வைத்து நட்டவளே தவிர, இன்னொருவன் வயலில் வரிசையில் நின்று நட்டவள் இல்லை. மறுநாள் காலையில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மற்றப் பெண்களோடு சேற்றில் இறங்கினாள். அவளுக்கு இடமும் வலமும் நின்றவர்கள் போன வருஷம் அவள் வயலில் நட்டவர்கள். அவர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள். குஞ்சிதபாதம் வரப்பிலிருந்து நாற்று முடிகளைத் தலையில் சுமந்துகொண்டு வந்து, நடுகிறவர்களுக்கு எட்டுகிற தூரத்தில் வீசினான்.

"என்ன எஞ்சினியரே," என்றாள் வரிசையின் கடைசியில் நின்ற காசியம்மா, "அடியில என்னதான்யா இருந்துச்சு?"

"கல்லு."

"கல்லுன்னு பாக்கவா அவ்வளோ பெரிய மெசினு? நான் சொல்லியிருப்பேனே, என் தலையில தட்டிப் பாத்து!"

வரிசை முழுக்கச் சிரித்தது. வரப்பில் குடை பிடித்து நின்ற தெட்சிணாமூர்த்தியும் சிரித்தார். பெரியநாயகி சிரிக்கவும் இல்லை, நிமிரவும் இல்லை. குனிந்தபடியே பின்னால் நகர்ந்து நட்டுக்கொண்டு வந்தாள். கையிலிருந்த முடி தீர்ந்ததும், மற்றவர்கள் எப்படிக் கூப்பிட்டார்களோ அப்படியே, யாரையும் பார்க்காமல் குரல் கொடுத்தாள்.

"முடி!"

அவன் ஒன்றை எடுத்து வீசினான். அவசரத்தில் வீசியது அவள் காலடியில் விழுந்து சேறு தெறித்தது. முகத்தில் அப்பியதை முழங்கையால் துடைத்துக்கொண்டு, முடியின் கட்டைப் பிரித்து, அவள் நட ஆரம்பித்தாள்.

"தூர நின்னு வீசாதடா," என்று வரப்பிலிருந்து தெட்சிணாமூர்த்தி சத்தம் போட்டார். "கிட்டப் போய்க் குடு."

குஞ்சிதபாதம் அடுத்த முடியைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கினான்.